ஹைடனின் அதிகம் கேட்கப்படாத சிம்பொனிகள்: எங்கே தொடங்கி, எப்படிக் கேட்பது

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் (1732–1809) எழுதியவை என்று இன்று கணக்கில் வரும் சிம்பொனிகள் (முழு வாத்தியக்குழுவுக்கான, பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்புகள்) 106. எண் போட்டவை 104. ‘ஏ’, ‘பி’ என்று எழுத்தால் குறிக்கப்படுபவை இரண்டு. இவற்றில் மேடைகளில் அடிக்கடி வாசிக்கப்படுபவை ஒரு கைப்பிடிதான். 94 (‘ஆச்சரியம்’), 100 (‘ராணுவம்’), 101 (‘கடிகாரம்’), 104 (‘லண்டன்’), அப்புறம் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகும் 45. மற்றவை பெட்டி பெட்டியாகக் குறுந்தகடுகளில் தூங்குகின்றன.

ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 1-இலிருந்து வரிசையாகப் போவது. இன்னொன்று, வேறு வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடுவது. காதில் விழுந்தால் எல்லாம் ஒரே மாதிரி இனிமையாக இருக்கும். பத்தாவது சிம்பொனியில் அலுத்துவிடும். ஹைடன் கேட்பவரை ஏமாற்றப் பிறந்தவர். அடுத்து இதுதான் வரும் என்று நீங்கள் நம்பியிருந்தால்தான் அவர் வேறொன்றைத் தரும்போது சிரிப்போ திடுக்கிடலோ வரும். எனவே, முதலில் விதி எது என்று ஒரே ஒரு சிம்பொனியில் காதைப் பழக்க வேண்டும். பிறகு விதியை மீறும் சிம்பொனிகளுக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் பிடிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தோடு.

எண்ணை நம்பாதீர்கள்

இந்த எண்கள் ஹைடன் போட்டவை அல்ல. 1907-இல் இசை ஆய்வாளர் யூசேபியஸ் மாண்டிசெவ்ஸ்கி, அன்று கிடைத்த ஆதாரங்களை வைத்துக் காலவரிசை என்று கருதிப் போட்டவை. பின்னால் வந்த ஹோபோக்கன் பட்டியலும் (ஹைடனின் படைப்புகள் அனைத்துக்குமான பட்டியல்) அதையே எடுத்துக்கொண்டதால் இன்றுவரை நிலைத்துவிட்டது. தவறுகள் நிறைய. 37 என்று எண் பெற்றது 1758-க்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. 72 என்பது 1763 வாக்கில் எழுதியது. பக்கத்தில் இருக்கும் 71, 73-க்கும் அதற்கும் பதினைந்து இருபது வருட இடைவெளி. 40-ஆம் எண்ணும் 1763-தான். எண் ஒரு முகவரி, அவ்வளவே. ஆப்பில் தேடும்போது ‘ஹைடன்’ என்ற பெயரோடு எண்ணையும் சுருதியையும் சேர்த்துப் போடுங்கள்: ‘47, ஜி மேஜர்’ என்பதுபோல. ஜோசஃபின் தம்பி மைக்கேல் ஹைடனும் நாற்பதுக்கு மேல் சிம்பொனி எழுதியவர். சுருதியைச் சேர்க்காவிட்டால் அவருடையது வந்து நிற்கும்.

பட்டப்பெயர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 48-க்கு ‘மரியா தெரேசியா’ என்று பெயர். 1773-இல் பேரரசி வந்தபோது வாசித்தது என்று நம்பிக்கை. ஆனால் அதன் கையெழுத்துப் படி ஒன்று 1769 என்று தேதியிட்டுக் கிடைத்திருக்கிறது. 6, 7, 8-க்கு உள்ள ‘காலை’, ‘நண்பகல்’, ‘மாலை’ போன்ற சில மட்டுமே ஹைடன் காலத்தோடு உறுதியாக ஒட்டியவை.

கேட்பதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகத் தாழ்ந்த குரல்) கேட்காது. 6, 7, 8, 31, 72 ஆகியவற்றில் டபுள் பேஸுக்குத் தனி வாசிப்பு இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் அந்த இடத்தில் மேலே லேசான துணை வாசிப்பு மட்டும் கேட்டு, ‘இங்கே ஏதோ குறைகிறதே’ என்று தோன்றும். சாதாரண ஒயர் இயர்போன் போதும்.

ஆப்பில் மூன்றை அணையுங்கள். பாட்டுக்குப் பாட்டு கலந்து மாறும் கிராஸ்ஃபேட், கலைத்துப் போடும் ஷஃபிள், மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி. கடைசி ஒன்று பாட்காஸ்ட் ஆப்களில் இருக்கும். 39-க்கும் 90-க்கும் அது எமன், ஏனென்றால் அந்த இரண்டிலும் மௌனம்தான் விஷயமே. விளம்பரம் குறுக்கிடும் காணொளிகளையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

ஒலி அளவை மெல்லிய இடத்தில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஏதாவது ஒரு சத்தமான இடத்தைத் தேடி, அது காதை உறுத்தாத அளவில் வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். மெல்லிய இடம் மெல்லியதாகவே கேட்கட்டும்.

ஸ்கோர் எனப்படும் இசைப்பிரதி ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தின் உச்சியில் ஃப்ளூட், ஓபோ, பஸூன், நடுவில் ஹார்ன், ட்ரம்பெட்டும் டிம்பனியும் (முரசு) இருந்தால் அதன் கீழே, அடியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோவும் டபுள் பேஸும். எந்த வரியில் புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றன, எந்த வரி காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே யார் வாசிக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அளவுகோல்: 88, ஜி மேஜர்

விதியைக் கற்க 1787-இல் எழுதிய 88-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூவ்மென்ட், அதாவது நான்கு தனிப் பகுதிகள். முதல் மூவ்மென்டில் நிதானமான முன்னுரை, பிறகு வேகம். வேகம் தொடங்கும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். வயலின்கள் மெல்லச் சொல்லும் மெட்டை முழு வாத்தியக்குழுவும் பலமாக வாங்கிக்கொள்ளும். சற்று நேரத்தில் அந்த முழுப்பகுதியும் அப்படியே திரும்ப வரும். முன்னுரை மட்டும் வராது. அதற்குப் பின் மெட்டு துண்டு துண்டாகி வேறு சுருதிகளில் அலையும். கடைசியில் வீட்டுக்கு வரும்போது பழைய மெட்டின் மேல் ஃப்ளூட் புதிதாக ஒரு வரி போட்டிருக்கும். இந்த ‘சொல், திரும்பச் சொல், அலை, வீடு திரும்பு’ என்பதுதான் வரைபடம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு இடத்துக்கும் நேரம் எழுதுங்கள். மூன்று முறை கேட்டால் எழுதிவிடலாம்.

இரண்டாவது மூவ்மென்ட் நிதானம். ஓபோவும் ஒற்றைச் செல்லோவும் சேர்ந்து பாடும் மெட்டு திரும்பத் திரும்ப வரும், துணை மட்டும் மாறும். ட்ரம்பெட்டும் டிம்பனியும் முதல் மூவ்மென்ட் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு இந்த அமைதிக்குள் வந்து இடிக்கும். மூன்றாவது மினுவெட் எனும் நடன மெட்டு, மூன்று தட்டுத் தாளம். நடுவில் ட்ரியோ என்ற மாறுபட்ட இடைப்பகுதி, பிறகு மினுவெட் மறுபடியும். நான்காவது ஓட்டம். இவ்வளவும் காதில் ஏறிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கீழே வரும் எதுவும் எடுபடாது.

வாரத்துக்கு இரண்டு சிம்பொனிக்கு மேல் வேண்டாம். முதல் முறை எதையும் படிக்காமல் முழுதாக. இரண்டாம் முறை இங்கே சொல்லியிருக்கும் மூவ்மென்டை மட்டும். மூன்றாம் முறை ஸ்கோரோடு. பெரும்பாலானவை 15 முதல் 25 நிமிடம்தான்.

6, 22, 31: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹைடன் 1761 மே 1 அன்று எஸ்டர்ஹாசி பிரபுவிடம் வேலைக்குக் கையெழுத்திட்டார். வாத்தியக்காரர்கள் பதினைந்து பேர் அளவில்தான். அந்த வருடமே எழுதிய 6, 7, 8-இல் ஆளுக்கொரு தனி வாசிப்புக் கொடுத்திருக்கிறார். புதிதாக வந்த அதிகாரி தன் கீழுள்ளவர்களின் மனதைப் பிடித்த விதம் அது என்று எடுத்துக்கொள்ளலாம். 6-ஐப் போட்டால் முதலில் சூரியன் உதிக்கும்: மெல்லிய வயலினில் தொடங்கி முழுக்குழுவின் பலத்துக்கு ஏறும் சில நொடிகள். பிறகு ஃப்ளூட் மெட்டைச் சொல்லும். வீடு திரும்பும் இடத்தில் கவனம் வையுங்கள். ஃப்ளூட் வரும் முன்பே ஹார்ன் அவசரப்பட்டு அந்த மெட்டை எடுத்துவிடும். பீத்தோவன் தன் மூன்றாம் சிம்பொனியில் ஹார்னை முந்திக்கொள்ளச் செய்தது பெரிதாகப் பேசப்படுகிறது. ஹைடன் நாற்பது வருடம் முன்பே செய்துவிட்டார்.

22 (1764) முதல் மூவ்மென்டே நிதானமானது. ஓபோவுக்குப் பதில் இரண்டு இங்கிலீஷ் ஹார்ன் (பெயரில்தான் ஹார்ன், உண்மையில் தாழ்ந்த குரல் ஓபோ). வயலின்கள் ஒலியடக்கி மாட்டிக்கொண்டு வாசிக்க, கீழே பேஸ் அடியெடுத்து நடந்துகொண்டே இருக்கும். மேலே ஹார்ன் கேள்வி கேட்க, இங்கிலீஷ் ஹார்ன் பதில் சொல்லும். பேஸின் நடை ஒரு கணமும் நிற்காமல் இருப்பதைப் பின்தொடருங்கள்.

31 (1765) நான்கு ஹார்னுக்கு. கடைசி மூவ்மென்ட் ஒரே மெட்டின் மாறுபாடுகள்: ஓபோக்கள், செல்லோ, ஃப்ளூட், நான்கு ஹார்ன், வயலின், முழுக்குழு, கடைசியில் டபுள் பேஸ் என்று முறை வரும். வாத்தியங்களின் குரலைப் பிரித்தறியப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மைனர் சிம்பொனிகள்: 39, 49, 44

1760-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் மைனரில் (சாதாரண காந்தாரம் வரும், இருண்டு ஒலிக்கும் சுருதி அமைப்பு) எழுதியவை தனி உலகம். இவற்றை முதலிலேயே போடாதீர்கள். குறிப்பாக 49 (1768). நிதானமான மூவ்மென்டோடு தொடங்கி, நான்கு மூவ்மென்டும் எஃப் மைனரிலேயே நிற்கும். பழக்கமில்லாத காது பத்து நிமிடத்தில் மூச்சுமுட்டிக் கழற்றிவிடும். பழகிய காதுக்கு அங்கே ஒரே ஒரு ஜன்னல் உண்டு: மினுவெட்டின் ட்ரியோவில் எஃப் மேஜர் வரும், ஹார்ன்கள் உயரத்தில் பாடும். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகும் அந்த ஒரு மாற்றத்தில் வெளிச்சம் வந்து போய்விடும். அதை வாங்க அதற்கு முன் வரும் இருட்டைத் தாண்டாமல் கேட்டிருக்க வேண்டும்.

39-இல் ஏன் நான்கு ஹார்ன்? அந்தக் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. ஒரு நீளக் குழாய். அதில் இயல்பாகப் பிறக்கும் சுரங்கள்தான் வரும். ஜி-யை ஷட்ஜமாகக் கொண்ட ஹார்னில் அந்தர காந்தாரம் தானாக வரும், மைனருக்கு வேண்டிய சாதாரண காந்தாரம் வராது. எனவே இரண்டு ஹார்னை ஜி-யிலும் இரண்டை பி ஃப்ளாட்டிலும் வைத்தார். ஒரு ஜோடிக்கு எட்டாத அந்த காந்தாரம் மறு ஜோடிக்கு ஷட்ஜம்! கேட்கும்போது பிடிக்க வேண்டியது வேறு. முதல் மெட்டு மெல்லத் தொடங்கி, சட்டென்று நின்றுவிடும். மௌனம். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். மௌனத்திலும் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருங்கள்; நிறுத்தினால் அடுத்த எடுப்பு உங்களைத் தவறவிடும்.

44-இல் மினுவெட் இரண்டாவதாகவே வந்துவிடும். மேல் குரல் பாடுவதை ஓர் அடி (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தள்ளி, ஸ்தாயி இறக்கி, கீழ்க்குரல் அப்படியே பின்தொடரும். இருவரையும் ஒன்றாகப் பிடிக்க முயன்றால் இரண்டும் நழுவும். ஒரு முறை மேலே மட்டும், ஒரு முறை கீழே மட்டும், மூன்றாம் முறை இரண்டும்.

1772: 46-ம் 47-ம்

45-ஐ எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதே வருடம் எழுதிய 46-ஐயும் 47-ஐயும் கேட்டவர்கள் குறைவு. 45 எஃப் ஷார்ப் மைனர், 46 பி மேஜர். இரண்டுமே அன்றைய வாத்தியக்குழுவுக்கு அந்நியமான சுருதிகள். ஹார்னில் செருகிச் சுருதி மாற்றும் வளைகுழாய்களில் அதற்கான அரைச்சுர அளவு இல்லாததால், அந்த அக்டோபரில் ஹைடன் புதிதாகச் செய்யச் சொன்னார். 46-இன் கடைசி மூவ்மென்டில் ஓட்டம் திடீரென்று நின்று, முடிந்துபோன மினுவெட் திரும்ப எட்டிப்பார்க்கும். மினுவெட்டை மனதில் வைத்திருக்காதவர்களுக்கு அது ஏதோ புது மெட்டாகத் தோன்றும், வேடிக்கை போய்விடும். ஆகவே இந்தச் சிம்பொனியை மட்டும் மூன்றாம், நான்காம் மூவ்மென்டுகளை இடைவெளியின்றிச் சேர்த்தே கேளுங்கள்.

47-இன் மினுவெட் ஒரு விகடகவி. முதல் பத்து அடியை வாசித்துவிட்டு, அதே பத்தையும் கடைசிச் சுரத்திலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். ட்ரியோவும் அப்படியே, அங்கே பன்னிரண்டு அடி. சீர்காழியில் சம்பந்தர் பாடிய மாலைமாற்றைப் படித்தவர்களுக்கு வித்தை புரியும். காதுக்கு எளிதல்ல. கண்டுபிடிக்க வழி: முதல் பாதியின் கடைசி இரண்டு சுரங்களையும் இரண்டாம் பாதியின் முதல் இரண்டையும் வாய்விட்டுப் பாடுங்கள். அந்தக் கண்ணாடி விளிம்பு பிடிபட்டால் அங்கிருந்து இருபுறமும் நகரலாம். அழுத்தம் விழும் இடமும் சேர்ந்து திரும்புவதால் பின்னோக்கிப் போகையில் நடை லேசாக இடறும். ஒலியைத் திருப்பி ஓட்டும் ஆப்பில் சோதித்துப் பார்க்கலாமே என்றால், அது உதவாது. ஆப் ஒவ்வொரு சுரத்தின் வடிவத்தையும் புரட்டிவிடும். தேய்ந்து அடங்க வேண்டியது வீங்கி வெட்டுப்படும். ஹைடன் திருப்பியது சுர வரிசையைத்தான். ஸ்கோரை எடுத்து, முதல் வயலின் வரியில் விரலை வலமிருந்து இடமாக ஓட்டுவதே நல்லது. மோட்சார்ட்டும் இதைக் கவனித்திருக்கிறார். 47, 62, 75 மூன்றின் தொடக்க வரிகளை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார்.

60, 67, 80: குறும்பு

60-இல் (1774) ஆறு மூவ்மென்ட். காரணம், அது மறதிக்காரன் ஒருவனைப் பற்றிய ஐந்து அங்க நாடகத்துக்கான இசை: தொடக்கத்துக்கு ஒன்று, இடைவேளைகளுக்கு நான்கு, முடிவுக்கு ஒன்று. முதல் மூவ்மென்டிலேயே இசை எங்கே போகிறோம் என்பதை மறந்து தேய்ந்துபோய், பிறகு திடுக்கிட்டு விழிக்கும். கடைசி மூவ்மென்ட் தொடங்கிச் சில நொடியில் எல்லோரும் நின்று, வயலின்காரர்கள் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பார்கள். பதிவில் பழுது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அடித்தந்தியை ஜி-க்குப் பதில் எஃப்-இல் இறக்கி வைத்திருந்து அங்கே ஏற்ற வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்.

67-இல் அந்த விளையாட்டு வேறு மாதிரி. ட்ரியோவில் இரண்டே வயலின், ஒலியடக்கியோடு. இரண்டாம் வயலினின் அடித்தந்தி எஃப்-க்கு இறங்கி சுருதிப்பெட்டிபோல் இரைந்துகொண்டிருக்க, முதல் வயலின் மேலே மெட்டுப் போடும். அதற்கு முந்தைய நிதான மூவ்மென்டின் கடைசி அடிகளில் வில்லின் மயிரால் அல்ல, மரத்தால் தந்தியைத் தட்டுவார்கள். இயர்போனில் சின்ன ‘டக் டக்’ கேட்கும். ஸ்பீக்கரில் போட்டவர்களுக்கு இது அநேகமாகக் கிடைக்காது.

80-இன் கடைசி மூவ்மென்டைத் தாளம் போட்டுக் கேளுங்கள், தோற்பீர்கள். எடுப்பு தாளத்தின் தட்டில் இல்லை, தள்ளி இருக்கிறது. ஆனால் உடன் தட்டைக் காட்ட யாருமில்லாததால் காது அதையே சமம் என்று நம்பிவிடும். முழுக்குழு சேரும்போது தாளம் உங்கள் கையிலிருந்து நழுவும். தள்ளிய எடுப்புப் பழகிய கர்நாடக இசைக் காதுக்கு இரண்டாம் முறையிலேயே பிடிபடக்கூடும்.

70-ஐயும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஸ்டர்ஹாசா அரண்மனையின் நாடக அரங்கு 1779 நவம்பரில் எரிந்துபோய், டிசம்பர் 18 அன்று புதியதற்கு அடிக்கல் நாட்டியதையொட்டிய சிம்பொனி. கடைசி மூவ்மென்ட் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித் தொடங்கி, மூன்று கருக்கள் பின்னும் ஃபியூகாக (ஒரு குரலைத் தொடர்ந்து மற்றொன்று அதே கருவை எடுக்கும் அமைப்பு) வளர்ந்து, அந்தத் தட்டலிலேயே முடியும்.

எந்தப் பதிவு?

முழுத் தொகுப்பு வேண்டுமென்றால் இசைக்குழு நடத்துநர் ஆண்டால் டோராட்டி, ஃபில்ஹார்மோனியா ஹங்காரிகா குழுவோடு 1969–72-இல் டெக்காவுக்குச் செய்தது. ஆடம் ஃபிஷர் 1987 முதல் 2001 வரை ஐசன்ஸ்டாட்டில், எஸ்டர்ஹாசி அரண்மனையின் ஹைடன் மண்டபத்திலேயே செய்தது. டோராட்டியின் மினுவெட்டுகள் கொஞ்சம் கனத்த நடை. வரைபடம் கற்க அதுவே வசதி. ஃபிஷரிடம் தனி வாசிப்புகள் நன்றாகத் துலங்கும். பழங்கால வாத்தியங்களில் கேட்க ட்ரெவர் பின்னக், மைனர் சிம்பொனிகளுக்கு. ஜொவான்னி அன்டோனினி, ஹைடனின் 300-ஆம் பிறந்த ஆண்டான 2032-க்குள் எல்லாவற்றையும் பதிந்து முடிக்கும் திட்டத்தில் இருக்கிறார். 60 போன்றவற்றுக்கு அவருடைய துடுக்கு பொருந்துகிறது. பழைய வாத்தியக் குழுக்கள் சுருதியைக் குறைத்து வைப்பதால், இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று இறங்கி ஒலிக்கும். அது கோளாறு இல்லை. ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்னும் ஓயாத சண்டை. காதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 90, நாலு பேரோடு

90 (1788) சி மேஜர். இதைத் தனியாகக் கேட்பது வீண். கடைசி மூவ்மென்டில் ட்ரம்பெட், டிம்பனியோடு சத்தமாக முடிவு வரும். பிறகு நான்கு அடி மௌனம். அதற்குப் பின் டி ஃப்ளாட்டில், எதுவும் நடக்காததுபோல், மெல்லத் தொடரும். அந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறார், எனவே திரும்ப வாசிக்கும் பதிவில் ஏமாற்று இரண்டு முறை நடக்கும். அப்படிப்பட்ட பதிவையே தேர்ந்தெடுங்கள். அரங்கில் மக்களோடு பதிந்ததைத் தவிருங்கள், அவர்கள் கைதட்டி உங்கள் விருந்தாளிகளை எச்சரித்துவிடுவார்கள். கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முக்கியமாக, போன் திரையைக் கவிழ்த்து வையுங்கள். இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று அதில் ஓடிக்கொண்டிருக்கும்.